கல்யாணம் ஆகாத ஜோடிக்குப் பால்வினை நோய்ப் பரிசோதனை: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் எங்கே, எப்படி, எவ்வளவு

ஓசூர் சிப்காட்டில் வேலை, பாகலூர் ரோட்டிலோ தர்கா பக்கமோ வாடகை வீடு, ஊருக்குப் போன் போட்டால் "ஃப்ரெண்டுகூடத் தங்கியிருக்கேன்" என்ற பதில். இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள், அல்லது தனித்தனியாக இருந்தாலும் ஒருவருக்கொருவர் என்று முடிவு செய்துவிட்டவர்கள், நம் இரண்டு மாவட்டங்களிலும் நிறையப் பேர். இவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஒரு கேள்வி வரும்: ஆணுறையை எப்போது நிறுத்தலாம்? அதற்கு முன் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும், எங்கே போக வேண்டும், யாராவது பார்த்துவிட்டால்? பதில் தேடி நானும் என் துணையும் நிறைய அலைந்தோம். சரியான தகவல் தமிழில் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒன்று முதலிலேயே: இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவர் 18-க்குக் கீழே என்றால் சம்மதம் இருந்தாலும் அது போக்சோ வழக்கு. மருத்துவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்தக் கட்டுரை பெரியவர்களுக்கு.

1. டெஸ்டுக்கு முன்னால் பேச்சு

"என்னை நம்பலையா?" இந்தக் கேள்வியில்தான் பாதி ஜோடிகள் நின்றுவிடுகிறார்கள். நம்பிக்கை என்பது இனிமேல் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைப் பற்றியது. ரத்தப் பரிசோதனை ஏற்கெனவே உடம்பில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது. எவ்வளவு நேர்மையான ஆளுக்கும் தன் ரத்தத்தில் இருப்பது தெரியாது. கிளமிடியா என்ற பால்வினை நோய் பெரும்பாலான பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம். எச்.ஐ.வி. பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். இதில் துணையைச் சந்தேகிக்க இடமே இல்லை.

அதனால் பேச்சைத் தொடங்கும்போது "நீ டெஸ்ட் எடு" என்று தொடங்காதீர்கள். "நாம ரெண்டு பேரும் எடுப்போம், நான் முதல்ல எடுக்கறேன்" என்று சொல்லுங்கள். இது தந்திரம் இல்லை. ஒருவர் மட்டும் எடுத்தால் அந்த டெஸ்டால் பாதிப் பயன்கூட இல்லை.

கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: கடைசியாக எப்போது டெஸ்ட் எடுத்தாய், எவை எவை? கடந்த 3 மாதத்தில் ஆணுறை இல்லாமல் வேறு யாருடனாவது உறவு இருந்ததா? எப்போதாவது பால்வினை நோய்க்கு மருந்து சாப்பிட்டாயா? ஊசி பகிர்ந்தது, சுத்தமில்லாத இடத்தில் பச்சை குத்தியது உண்டா? பழைய காதல் கதைகளின் பட்டியல், பெயர், ஊர் எதுவும் தேவையில்லை. அதைத் தோண்டினால் அடுத்த முறை உண்மை வராது.

கூடவே இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்: கல்யாணம் உண்டா, இல்லையா, இப்போதைக்குத் தெரியாதா. சாதி வேறு, வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தே "பார்த்துக்கலாம்" என்று இழுப்பது நம் பக்கத்தில் சகஜம். ஆனால் திருமணம் செய்யும் எண்ணமே இல்லாமல் செய்வதாக வாக்குக் கொடுத்து உறவு கொள்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆவது பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். சட்டத்துக்குப் பயந்து இல்லாவிட்டாலும், எதிரில் இருப்பவர் எதை நம்பி வருகிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

துணை டெஸ்டுக்கு மறுத்தால்? கொஞ்சம் பயம், கொஞ்சம் வெட்கம் என்றால் நேரம் கொடுங்கள். அதுவரை ஆணுறை. "டெஸ்டும் வேண்டாம், காண்டமும் வேண்டாம்" என்றால் உறவும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இந்த இடத்தில் நான் கறார்.

2. என்ன டெஸ்ட், எப்போது

தேதிதான் இங்கே எல்லாம். தொற்று உடம்புக்குள் வந்த உடனே டெஸ்டில் தெரியாது. இடையில் ஒரு காலம் உண்டு. மருத்துவர்கள் விண்டோ பீரியட் என்பார்கள். அந்தக் காலத்துக்குள் எடுத்து "நெகட்டிவ்" என்று வந்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஆணுறையை நிறுத்துவதுதான் நான் அடிக்கடி கேள்விப்படும் தவறு.

எச்.ஐ.வி.: அரசு மையங்களில் விரலிலோ கையிலோ ரத்தம் எடுத்துச் செய்யும் விரைவு டெஸ்ட், கடைசி ஆபத்தான உறவிலிருந்து 3 மாதம் கழித்து எடுத்தால் முடிவானது. தனியார் லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் 45 நாள் கழித்து எடுத்தால் போதும்.

சிபிலிஸ் (ஊரில் மேகநோய் என்பார்கள்): வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். டெஸ்ட். இதற்கும் 3 மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி, சி: ரத்தப் பரிசோதனை. லேப் சீட்டில் பி-க்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று எழுதியிருக்கும்.

கொனோரியா, கிளமிடியா: சிறுநீரிலோ, பெண்களுக்கு உள்ளிருந்து எடுக்கும் மாதிரியிலோ பி.சி.ஆர். டெஸ்ட். 2 வாரம் கழித்து எடுத்தால் தெரிந்துவிடும். இது எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் அதிகம். எரிச்சல், சீழ், வெள்ளைப்படுதலில் மாற்றம், அடிவயிற்று வலி என்று அறிகுறி இருந்தால் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

ஹெர்பிஸ் (கொப்புளமும் புண்ணும் வரவைக்கும் வைரஸ்), எச்.பி.வி. (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ்) இரண்டுக்கும் அறிகுறி இல்லாதவர்கள் ரத்தப் பரிசோதனை எடுப்பதில் பெரிய பயன் இல்லை. "ஃபுல் பேனல்" என்ற பெயரில் இதையும் சேர்த்து விற்பார்கள். காசைக் கொட்டாதீர்கள். 30 வயது தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம்; அதுதான் உருப்படியானது.

கணக்கு எளிது. வேறொருவருடன் கடைசி உறவு தைப்பொங்கல் சமயம் என்றால், சித்திரை முதல் தேதிக்கு அப்புறம் எடுக்கும் டெஸ்டை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இடைப்பட்ட மூன்று மாதமும் ஆணுறையோடு. நடுவில் ஒருமுறை ஆணுறை இல்லாமல் வெளியே உறவு நடந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

இன்னொரு குழப்பம்: வருடாவருடம் கம்பெனியில் எடுக்கும் மெடிக்கல் செக்கப், "மாஸ்டர் ஹெல்த் செக்கப்" இரண்டிலும் பொதுவாக இந்த டெஸ்டுகள் கிடையாது. "போன மாசம்தான் எல்லா டெஸ்டும் எடுத்தேன், எல்லாம் நார்மல்" என்று துணை சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. எதை எடுத்தார்கள் என்று அவருக்கே தெரியாது. ரிப்போர்ட்டை இருவரும் சேர்ந்து வரி வரியாகப் பாருங்கள். அதேபோல, ரத்த தானம் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று யோசிக்காதீர்கள். விண்டோ பீரியடில் கொடுத்த ரத்தம் வேறொருவர் உடம்புக்குள் போகும்.

3. எங்கே போவது

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் செய்யும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். ஆங்கிலச் சுருக்கமாக ஐ.சி.டி.சி. என்று போர்டில் இருக்கும். பால்வினை நோய்க்குச் சிகிச்சை தரும் பிரிவுக்குச் சுகவாழ்வு மையம் என்று பெயர். இந்த இரண்டு பெயரையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வரவேற்பில் நின்று "எய்ட்ஸ் டெஸ்ட் எங்கே எடுக்கறாங்க" என்று கேட்டால் வரிசையே திரும்பிப் பார்க்கும். "நம்பிக்கை மையம் எந்தப் பக்கம்" என்று கேட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை.

தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி, அரசு மருத்துவமனை. ஓசூரில் அரசு மருத்துவமனை. இவை பெரிய இடங்கள். கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில் இருக்கிறது. பஸ் ஏறும் முன் எந்த வளாகம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பென்னாகரம், அரூர், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை மாதிரி தாலுகா ஊர்களின் மருத்துவமனைகளிலும் விசாரிக்கலாம். 1097 என்ற எண்ணுக்கு அழைத்தால் உங்களுக்குப் பக்கத்து மையத்தைச் சொல்வார்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இனி முக்கியமான விஷயம். உங்கள் ஊர் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பாலக்கோட்டுக்காரர் பாலக்கோடு மருத்துவமனைக்குப் போனால் அங்கே ஊசி போடுபவர் சித்தி முறையாக இருப்பார், டோக்கன் கொடுப்பவர் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவராக இருப்பார். தர்மபுரி ஆள் கிருஷ்ணகிரிக்குப் போகலாம், கிருஷ்ணகிரி ஆள் ஓசூருக்கோ தர்மபுரிக்கோ போகலாம். ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம், போக வர நூறு, நூற்றைம்பது ரூபாய். மனநிம்மதிக்கு அது மலிவு. ஓசூரில் இருப்பவர்கள் பெங்களூருக்கும் போகிறார்கள். அரசு மையம் அங்கேயும் இலவசம்தான்.

வார நாளில், காலை 9 மணிக்குள் போய்விடுங்கள். ஓ.பி. சீட்டு காலையில்தான். மதியத்துக்கு மேல் போனால் லேபில் "நாளைக்கு வாங்க" என்று சொல்லக்கூடும். ஞாயிற்றுக்கிழமையிலும் அரசு விடுமுறை நாளிலும் மையம் திறந்திருக்காது. ஷிஃப்டில் வேலை செய்பவர்கள் நைட் ஷிஃப்ட் முடித்த காலையில் போவது வசதி. சாப்பிட்டுவிட்டே போகலாம், இந்த டெஸ்டுகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை.

4. என்ன எடுத்துப் போவது, என்ன கேட்பார்கள்

திருமணச் சான்று கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. ஆதார் கையில் இருந்தால் ஓ.பி. சீட்டு போடச் சுலபம், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அது கட்டாயம் இல்லை. உங்கள் சொந்த மொபைல் எண்ணைக் கொடுங்கள். வீட்டில் அப்பா பெயரில் வாங்கிய சிம்மைக் கொடுத்தால் குறுஞ்செய்தி எங்கே போகும் என்று யோசியுங்கள்.

சீட்டுக் கவுண்டரில் பெண்களிடம் "அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா?" என்று கேட்பார்கள். அப்பா பெயரைச் சொல்லிவிட்டு நகருங்கள். அங்கே விளக்கம் சொல்ல நிற்காதீர்கள். "கூட வந்திருக்கிறது யாரும்மா?" என்று கேட்டால் "தெரிஞ்சவர்" போதும்.

நம்பிக்கை மையத்தில் முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். இங்கே மட்டும் எதையும் மறைக்காதீர்கள். கல்யாணம் ஆகவில்லை, துணை இருக்கிறார், கடைசி உறவு இந்த மாதம் என்று உள்ளதைச் சொன்னால்தான் எப்போது மறுபடி வர வேண்டும் என்று சரியாகச் சொல்ல முடியும். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை வெளியே சொல்லவும் கூடாது. நாங்கள் பார்த்த ஆலோசகர் அக்கா எங்களைவிடச் சாதாரணமாகப் பேசினார். தினமும் கேட்கிற கதைதானே அவருக்கு.

ஜோடியாக உள்ளே போகலாமா என்றால், போகலாம். ஆனால் முதல் பேச்சை மட்டும் தனித்தனியாகக் கேளுங்கள். துணை பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாதது ஏதாவது இருக்கலாம். முடிவு வாங்கும்போது சேர்ந்து உட்காரலாம்.

ரத்தம் எடுத்தபின் முடிவு பெரும்பாலும் அன்றைக்கே வரும். சிபிலிஸ் டெஸ்டும் அதே ரத்தத்தில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் விட்டுப்போக வாய்ப்புண்டு. ஹெபடைட்டிஸ் பி-க்கு டாக்டரிடம் தனியாக எழுதி வாங்க வேண்டி வரலாம். செலவு எல்லாம் சேர்த்துப் பூஜ்யம்.

5. தனியார் லேப் என்றால்

நேரம் இல்லாதவர்களுக்கு இது வசதி. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள் (வாடகை வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து பார்ப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்). நான் விசாரித்த வரையில் எச்.ஐ.வி. நான்காம் தலைமுறை டெஸ்ட் 400 முதல் 800 ரூபாய், சிபிலிஸ் 150 முதல் 400, ஹெபடைட்டிஸ் பி 200 முதல் 500, சி 500-லிருந்து 1,000. கொனோரியா, கிளமிடியா பி.சி.ஆர். 2,000-க்கு மேல். லேபுக்கு லேப் மாறும், முன்கூட்டியே போனில் கேளுங்கள். ஒரு ஆளுக்கு அடிப்படை டெஸ்டுகள் (எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி) மட்டும் என்றால் 2,000 ரூபாய்க்குள் முடிக்கலாம்.

ஒரு லேபில் வரவேற்பில் இருந்தவர் கூட்டத்துக்கு நடுவில் டெஸ்டின் பெயரை உரக்கப் படித்து, "கல்யாணத்துக்கா?" என்று கேட்டார். அப்போதிருந்து நான் தேவையான டெஸ்டுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ரிப்போர்ட் எந்த எண்ணுக்கு, எந்த மெயிலுக்குப் போகும் என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

தனியார் லேபில் எச்.ஐ.வி. "ரியாக்டிவ்" (தொற்று இருக்கலாம்) என்று வந்தால் அது முடிவு இல்லை. அந்தச் சீட்டோடு நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். அங்கே மூன்று வெவ்வேறு வகை டெஸ்ட் செய்து பார்த்துத்தான் உறுதி சொல்வார்கள். அதற்கு முன் யாரிடமும் எதையும் சொல்லவோ, துணையைக் குற்றம் சாட்டவோ வேண்டாம்.

பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் கட்டணக் கழிப்பறையிலும் ஒட்டியிருக்கும் "ரகசிய நோய்களுக்குத் தீர்வு" நோட்டீஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாதம் ஒருமுறை லாட்ஜில் முகாம், லேகியம், ஆயிரக்கணக்கில் கட்டணம். அங்கே போகவே போகாதீர்கள். சுயஇன்பப் பழக்கம் என்ற சாதாரண விஷயத்தையே நோயாக்கிக் காசு பிடுங்குகிறவர்கள், உண்மையான நோயைக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

6. ரிப்போர்ட்டை எப்படிப் பகிர்வது

நேரில், காகிதமாக, இருவரும் ஒரே நேரத்தில். பெயர், வயது, தேதி பாருங்கள். தேதியைப் பார்ப்பது அவமரியாதை இல்லை. விண்டோ பீரியட் கணக்குக்கு அதுதான் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பாதீர்கள். நாளைக்குச் சண்டை வந்தால் அது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும். இதே விதி அந்தரங்கப் படங்களுக்கும். எடுக்கவே வேண்டாம். யாராவது மிரட்டினால் 1930-க்கு அழைக்கலாம், சைபர் குற்றப் பிரிவின் எண் அது.

7. ஏதாவது தெரியவந்தால்

சிபிலிஸ் என்றால் பெனிசிலின் ஊசி. ஆரம்ப நிலையில் ஒரே தடவையில் குணமாகும். கொனோரியா, கிளமிடியா என்றால் மாத்திரை. சுகவாழ்வு மையத்தில் நிறம் நிறமாகப் பாக்கெட் தருவார்கள்: சீழ், கர்ப்பப்பை வாய்த் தொற்றுக்குச் சாம்பல் நிறம், பெண்ணுறுப்புத் தொற்றுக்குப் பச்சை, புண்ணுக்கு வெள்ளை. இலவசம். பாதியில் நிறுத்தாமல் முழுவதும் சாப்பிட வேண்டும்.

இதில் எல்லாரும் விழும் பள்ளம்: ஒருவர் மட்டும் மருந்து சாப்பிடுவது. இவருக்குக் குணமாகும், அவரிடமிருந்து மறுபடி வரும், "யாரிடம் போனாய்?" என்று சண்டை வரும். டாக்டரிடம் "துணைக்கும் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். துணைக்கும் சிகிச்சை தருவது அவர்களுடைய வழக்கமான நடைமுறை. இருவரும் முடித்து ஒரு வாரம் வரை உறவு வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் அறிகுறியைச் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்குவதும் வேண்டாம். அரைகுறை மருந்தில் நோய் மறைந்து நிற்கும், அப்புறம் அந்த மருந்துக்குக் கட்டுப்படாது.

இன்னொன்று: பெண்ணுறுப்பில் வரும் எல்லாத் தொற்றும் உறவால் வருவதில்லை. பூஞ்சைத் தொற்று அரிப்பும் வெள்ளையுமாக வரும். சர்க்கரை, ஆன்டிபயாடிக், இறுக்கமான உடை எல்லாம் காரணமாகலாம். அதை வைத்துத் துணையைச் சந்தேகிக்காதீர்கள். அதேபோல் இன்றைக்குத் தெரியவந்த ஒரு தொற்று உங்கள் உறவுக்கு முன்பே வந்ததாக இருக்கலாம். ரிப்போர்ட்டைப் பார்த்து எப்போது, யாரிடமிருந்து என்று சொல்ல முடியாது.

எச்.ஐ.வி. உறுதியானால், அதற்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து, வாழ்நாள் முழுவதும் இலவசம். தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால் உறவின் மூலம் துணைக்குப் பரவாது. இது உறுதியான மருத்துவ உண்மை. நம் ஊரில் இன்னும் போய்ச் சேரவில்லை. துணைக்குச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் தனக்கு இருப்பது தெரிந்தவர் பரவாமல் தடுக்கத் தகுந்த முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்று மேலே சொன்ன சட்டமே சொல்கிறது. ஆலோசகரின் முன்னிலையில் சொல்லலாம், அவர்கள் அதற்குப் பழகியவர்கள். வேலை செய்யும் இடத்தில் இதைக் காரணம் காட்டி நீக்குவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது.

துணைக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ ஏ.ஆர்.டி. மையத்துக்கோ ஓடுங்கள். 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

8. தடுப்பூசி

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2011 வாக்கில்தான் நாடு முழுவதும் குழந்தைகளுக்கான திட்டத்தில் வந்தது. இப்போது இருபதுகளில், முப்பதுகளில் இருப்பவர்கள் பலருக்குப் போட்டிருக்காது. இன்று, 1 மாதம், 6 மாதம் என மூன்று டோஸ். ஒன்று சில நூறு ரூபாய். எச்.பி.வி.க்கு இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் ஒரு டோஸ் 2,000 ரூபாய் அளவில். 15 வயதுக்கு மேல் மூன்று டோஸ். ஆண்களும் போடலாம். உறவு தொடங்கிவிட்டது என்பதால் வீண் இல்லை, பலன் குறையும், அவ்வளவே.

9. ஆணுறை, கருத்தடை, அவசரம்

ஆணுறை அரசு மருத்துவமனைகளில் இலவசம். நம்பிக்கை மையத்திலேயே கேட்டு வாங்கலாம். கடையில் வாங்கினால் காலாவதி தேதி பாருங்கள். பைக் டேங்க் கவரிலும் பின் பாக்கெட் பர்ஸிலும் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ரப்பர் கெட்டுப்போகும். தேங்காய் எண்ணெய், பேபி ஆயில் தடவினால் கிழியும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மட்டும்.

இருவருக்கும் டெஸ்ட் சுத்தமாக வந்து ஆணுறையை நிறுத்த முடிவு செய்தால், கருத்தடைக்கு வேறு வழி அன்றைக்கே தயாராக இருக்க வேண்டும். இதை மறந்துவிடுபவர்கள் அதிகம். மாலா-என் தினசரி மாத்திரை, சாயா வாரமாத்திரை, 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, காப்பர்-டி எல்லாம் அரசுத் திட்டத்தில் இலவசம். கல்யாணம் ஆகாதவர்கள் போனால் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். ஒரு மருத்துவர் எனக்கு மருந்துக்குப் பதில் அறிவுரை எழுதிக் கொடுத்தார். வேறு மருத்துவரைப் பார்த்தேன், வேலை முடிந்தது. வாதம் செய்து சக்தியை வீணாக்க வேண்டாம்.

அவசரக் கருத்தடை மாத்திரை (லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம்) 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் நாளே. தமிழ்நாட்டில் இதைப் பெரும்பாலான மெடிக்கல் ஷாப்களில் வைப்பதே இல்லை. சட்டப்படி தடை எதுவும் இல்லை. இரவில் கடை கடையாக ஏறி இறங்குவதைவிட மகப்பேறு மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கி மருத்துவமனையோடு சேர்ந்த மருந்தகத்தில் கேளுங்கள். ஓசூர்க்காரர்கள் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வாங்கிவிடுகிறார்கள். 5 நாளுக்குள் காப்பர்-டி போட்டாலும் கர்ப்பத்தைத் தடுக்கும். இந்த மாத்திரை பால்வினை நோயைத் தடுக்காது, மாதாமாதம் சாப்பிடுவதற்கும் இல்லை.

நாள் தள்ளிப்போனால் மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்கிப் பாருங்கள். கருக்கலைப்பு தேவைப்பட்டால், 2021 திருத்தத்துக்குப் பிறகு கருக்கலைப்புச் சட்டத்தில் "பெண் அல்லது அவள் இணை" என்றே இருக்கிறது. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 18 வயதான பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். ஆணின் சம்மதமோ பெற்றோரின் கையெழுத்தோ தேவையில்லை. வயதுச் சான்று எடுத்துப் போங்கள். 9 வாரத்துக்குள் மாத்திரையிலேயே முடியும், ஆனால் மருத்துவர் மேற்பார்வையில். ஸ்கேன் பார்க்காமல் மாத்திரை கொடுத்து அனுப்பும் ஆட்களிடம் போகாதீர்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே இருந்தால் உயிருக்கே ஆபத்து.

10. போலீஸ், சட்டம் என்ற பயம்

வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை. 2010-இல் நடிகை குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே பாலின ஜோடிகளுக்கும் 2018-க்குப் பிறகு குற்றம் இல்லை. மேலே சொன்ன பரிசோதனைகள் அப்படியே பொருந்தும். சேர்ந்து வாழும் வீட்டில் அடி உதை என்றால், திருமணம் போன்ற உறவில் இருக்கும் பெண்ணுக்கும் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பொருந்தும். 181-க்கு அழைக்கலாம். ஆணுறையைச் சொல்லாமல் கழற்றுவதும் டெஸ்ட் முடிவை வைத்து மிரட்டுவதும் வன்முறைதான், சண்டை சச்சரவு என்று ஒதுக்க வேண்டாம்.

11. அப்புறம்?

ஒருவருக்கொருவர் மட்டும் என்ற ஒப்பந்தம் மாறினால் உடனே சொல்வது என்று ஆரம்பத்திலேயே பேசி வையுங்கள். வெளியே ஏதாவது நடந்துவிட்டால் முதல் வாக்கியம் "மன்னிச்சிடு" என்று இருப்பதைவிட "இனி மூணு மாசம் காண்டம் போடுவோம்" என்று இருப்பது நல்லது. மன்னிப்பை அப்புறம் பேசலாம், தொற்று காத்திருக்காது. எதுவும் நடக்காவிட்டாலும் வருடம் ஒருமுறை இருவரும் டெஸ்ட் எடுக்கலாம். பிறந்தநாளை ஒட்டி வைத்துக்கொண்டால் மறக்காது.

பிரிய நேர்ந்தால் ஒருவர் ரிப்போர்ட்டை ஒருவர் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், போனில் இருப்பதை எதிரிலேயே அழித்துவிடுங்கள். தடுப்பூசி பாதியில் நின்றிருந்தால் மீதி டோஸைத் தனித்தனியாகப் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். தாமதமாகிவிட்டது என்று முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.